சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சமூக வலைத்தளம்: மஸ்டோடான் சர்வரை கிளவுடில் நிறுவிக் கொடுப்பவருக்கான வழிகாட்டி

முன்னாள் மாணவர் சங்கமோ எழுத்தாளர் குழுவோ தொழிற்சங்கமோ வந்து, "ஃபேஸ்புக் மாதிரி எங்களுக்கென்று ஒன்று வேண்டும்" என்று கேட்டால், ஆலோசகர் எடுத்தவுடன் சர்வர் விலைப்பட்டியலைத் திறக்கக் கூடாது. சர்வர் சரிப்படவில்லை என்றால் அடுத்த மாதமே வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றவே முடியாதவையும், மாற்றினால் பெரும்பாடு படுத்துபவையும் வேறு: டொமைன் பெயர், ரகசியச் சாவிகள், படங்களின் இணைய முகவரி, வெளி சர்வர்களோடு பேசுவதா வேண்டாமா என்ற முடிவு. அவற்றை முதல் கூட்டத்திலேயே முடித்துவிட வேண்டும்.

இங்கே மஸ்டோடானை எடுத்துக்கொள்கிறோம். ஒரு குழு தன் சொந்த சர்வரிலேயே சமூக வலைத்தளம் நடத்த உதவும், யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. ஒரு சர்வரில் இருப்பவர் மற்ற சர்வரில் இருப்பவரைப் பின்தொடர உதவும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை, 2018 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது.

வாடிக்கையாளரிடம் முதலில் பேச வேண்டியவை

"உறுப்பினர்கள் உங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளப் போகிறீர்களா, வெளியுலகத்தோடும் பேச வேண்டுமா?" இதுதான் முதல் கேள்வி. உள்ளுக்குள் மட்டும்தான் என்றால் டிஸ்கோர்ஸ் போன்ற மன்ற மென்பொருள் பல விதத்தில் வசதி. ஐம்பது பேர்தான் என்றால் இப்போதிருக்கும் வாட்ஸ்அப் குழுவே போதும் என்று சொல்லி அனுப்பிவிடலாம்; ஆறு மாதத்தில் ஆளில்லாமல் போகும் தளத்தைக் கட்டிக் கொடுத்து யாருக்கும் லாபமில்லை.

வெளியோடும் பேச வேண்டும் என்றால் நான்கு விஷயங்களை எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். பொதுவில் இடும் பதிவின் நகல் பிற சர்வர்களுக்குப் போய்விடும். நாம் அழித்தால் அங்கே போவது "அழித்துவிடுங்கள்" என்ற வேண்டுகோள் மட்டுமே. தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. தரவுத்தளத்தைத் திறக்க முடிந்தவர் அவற்றைப் படிக்க முடியும். பயனர் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். காட்சிப் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வேறு சர்வருக்குக் குடிபெயர்ந்தால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. தனிச்செய்தி பற்றிய விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், பிறகு சங்கத் தேர்தல் நேரத்தில் "நிர்வாகி எங்கள் செய்திகளைப் படிக்கிறார்" என்ற புகார் வந்தே தீரும்.

சில நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த சில சர்வர்களோடு மட்டும் இணைய விரும்பும். அதற்கு வரம்புள்ள கூட்டிணைப்பு முறை உண்டு. ஆனால் அதை முதல் நாளே போட வேண்டும். திறந்த சர்வராக ஒரு வருடம் ஓட்டிவிட்டுப் பிறகு மூடினால், அதற்குள் வந்து சேர்ந்த வெளித் தரவை நீக்குவது தனி வேலையாகிவிடும்.

டொமைன்

உறுப்பினரின் முழு அடையாளத்தில் பின்பாதி டொமைன். நிறுவும்போது 'லோக்கல் டொமைன்' என்ற அமைப்பில் கொடுக்கும் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. மாற்றினால் பிற சர்வர்கள் நம்மை வேறு ஆளாகவே பார்க்கும். பழைய தொடர்புகள் எல்லாம் அறுந்துவிடும்.

சங்கத்துக்கு ஏற்கெனவே முதன்மை டொமைனில் வேர்ட்பிரஸ் தளம் இருக்கும். உறுப்பினர் முகவரி அந்த டொமைனிலேயே இருக்க வேண்டும், சர்வர் மட்டும் துணை டொமைனில் ஓட வேண்டும் என்றால், லோக்கல் டொமைனில் முதன்மைப் பெயரையும் 'வெப் டொமைனில்' துணைப் பெயரையும் கொடுங்கள். பிறகு முதன்மைத் தளத்தில் பிற சர்வர்கள் நம் உறுப்பினரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் வெப்ஃபிங்கர் பாதைக்கு வரும் கோரிக்கைகளைத் துணை டொமைனுக்குத் திருப்பிவிட வேண்டும். இது உடையும் இடம் எப்போதும் ஒன்றுதான்: யாரோ வேர்ட்பிரஸ் தளத்தில் புதிதாக ஒரு பாதுகாப்பு பிளகின் போடுவார்கள், அல்லது ஹோஸ்டிங்கை மாற்றுவார்கள், திருப்பிவிடுதல் காணாமல் போகும். ஏற்கெனவே நம்மைத் தெரிந்த சர்வர்களில் எதுவும் உடனே தெரியாது. புதிய சர்வரிலிருந்து தேடுபவருக்கு மட்டும் நம் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பாதையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு ஒன்றை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அழகுக்காக ஏதோ ஒரு நாட்டின் குறியீட்டில் முடியும் பெயரை வாங்க வேண்டாம். ஆப்கானிஸ்தானின் நாட்டுக் குறியீட்டில் இயங்கிய 'க்வியர் டாட் ஏஎஃப்' என்ற மஸ்டோடான் சர்வரின் டொமைனை 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு முடக்கியது. தளத்தின் அடையாளமே போயிற்று. டாட் இன், டாட் ஆர்க் போதும். பதிவு சங்கத்தின் பெயரில், ஐந்து வருடத்துக்கு. பதிவாளர் கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த எச்சரிக்கை மடலும் வந்து சேராது.

இயந்திரமும் பில்லும்

மஸ்டோடான் ஒரே நிரல் இல்லை. பக்கங்களைத் தரும் பூமா, நேரலைக்கு ஸ்ட்ரீமிங் சேவை, பின்னணி வேலைகளுக்கு சைட்கிக், தரவுக்கு போஸ்ட்கிரெஸ், வரிசைகளுக்கு ரெடிஸ், எல்லாவற்றுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸ். இருநூறு பேர் வரை சுறுசுறுப்பாகப் புழங்கும் தளத்துக்கு 2 வி-சிபியு, 4 ஜிபி நினைவகம், 80 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி ஸ்வாப் என்று தொடங்கலாம். மாதம் 20 முதல் 25 டாலருக்குள் இது கிடைக்கும். 2 ஜிபி இயந்திரத்தில் ஓடும்போது சமாளித்துவிடும். ஆனால் புதிய பதிப்பு ஏற்றும்போது முன்பக்கக் கோப்புகளைத் தொகுக்கும் கட்டத்தில் நினைவகம் தீர்ந்து பாதியில் நின்றுவிடும்.

அமேசானின் டி3 வகை இயந்திரங்களை மலிவு என்று எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. டி3 மீடியம் இயந்திரத்தில் ஒவ்வொரு வி-சிபியுவுக்கும் அடிப்படை அளவு 20 சதவீதம்தான். சைட்கிக் இரவு பகலாக ஓடுவதால், அந்த அளவைத் தாண்டி ஓடுவதற்கான கிரெடிட் தீரும். அதன்பின் இயல்பாகவே அமைந்திருக்கும் 'அன்லிமிடெட்' முறை கூடுதல் கட்டணம் போட்டுக்கொண்டே போகும்.

வெளியேறும் தரவுக்கான கட்டணம் இன்னொரு பொறி. அமேசானில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம்; அதற்கு மேல் மும்பையில் ஜிபிக்கு ஏறத்தாழ 11 சென்ட். படமும் வீடியோவுமாக மாதம் 1 டிபி வெளியே போனால் அதற்கு மட்டும் நூறு டாலரை நெருங்கும், இயந்திர வாடகையைப் போல நான்கு மடங்கு. டிஜிட்டல் ஓஷன் போன்ற இடங்களில் வாடகையோடு சில டிபி சேர்ந்தே வரும். அவர்களின் பெங்களூரு மையம் தமிழ்நாட்டுக்குப் பக்கம்.

வெளிநாட்டு கிளவுட் என்றால் பணம் கட்டும் வழியையும் இப்போதே பேசிவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபின், இந்திய கார்டுகளிலிருந்து தானாகப் பிடிக்கும் மாதக் கட்டணங்கள் பல தோல்வியடையத் தொடங்கின. ஓடிபி இல்லாமல் போகும் வரம்பை 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனாலும் முன்பதிவு செய்த மேண்டேட் (தானாகப் பிடிக்கக் கொடுத்த அனுமதி) இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்தக் கார்டில் பில் ஓடி, அவர் பதவிக்காலம் முடிந்து, மூன்று மாதத்தில் சர்வர் நிறுத்தப்படுவது அரிதல்ல. முன்பணம் கட்டும் வசதி உள்ள இடத்தில் ஆறு மாதத்துக்குக் கட்டி வைப்பது நல்லது.

படங்கள் எங்கே இருக்க வேண்டும்

இருபது பேர் மட்டுமே உள்ள சர்வரில்கூட சில வாரங்களில் வட்டு நிரம்பிவிடும். காரணம் அந்த இருபது பேரின் படங்கள் அல்ல. அவர்கள் பின்தொடரும் வெளியாட்களின் படங்கள், முகப்புப் படங்கள், இணைப்பு முன்னோட்டங்கள் எல்லாவற்றையும் நம் சர்வர் இறக்கி வைத்துக்கொள்கிறது. நிர்வாகப் பக்கத்தில் 'உள்ளடக்க வைப்பு' அமைப்புக்குப் போய் வெளி ஊடகங்களை 7 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழித்தாலும், யாராவது பழைய பதிவைத் திறக்கும்போது மூல சர்வரிலிருந்து மறுபடி இறங்கிவிடும். ஆனால் அதே பக்கத்தில், பிற சர்வர்களின் பதிவுகளையே அழிக்கும் அமைப்பும் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்: உறுப்பினர்கள் சேமித்து வைத்த பதிவுகளும் அதோடு போய்விடும்.

ஊடகத்தைத் தொடக்கத்திலிருந்தே அமேசானின் எஸ்3 சேவையை ஒத்த ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளை மட்டும் வைக்கும் கிளவுட் சேமிப்பில்) வையுங்கள். கிளவுட்ஃப்ளேர் ஆர்2 வெளியேறும் தரவுக்குக் கட்டணம் வாங்குவதில்லை; டிஜிட்டல் ஓஷன் ஸ்பேசஸ் மாதம் 5 டாலருக்கு 250 ஜிபி தருகிறது. எதை எடுத்தாலும் சேவை தரும் முகவரியை அப்படியே பயன்படுத்தாமல், சொந்தத் துணை டொமைன் ஒன்றை முன்னால் வைத்து, எஸ்3 மாற்றுப் பெயர் அமைப்பில் அதைக் கொடுங்கள். பிற சர்வர்கள் நம் படத்தின் முகவரியைக் குறித்து வைத்திருக்கும். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினால் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயர் எந்த இடத்தைக் காட்டுகிறது என்ற பதிவேட்டில்) ஒரு வரி மாற்றினால் போதும். இல்லையென்றால் வெளியே உள்ள பழைய படங்கள் எல்லாம் உடையும்.

பக்கெட்டின் (அந்தச் சேமிப்பில் நம் கோப்புகள் இருக்கும் தொகுப்பின்) அனுமதியில் ஒரு நுணுக்கம். முகவரி தெரிந்த எவரும் கோப்பைப் படிக்கலாம். பக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை எவரும் பார்க்கக் கூடாது. பட்டியல் திறந்திருந்தால், பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று இட்ட படங்களையும், தரவு ஏற்றுமதிக் கோப்புகளையும் யார் வேண்டுமானாலும் வாரிக்கொண்டு போகலாம். நிறுவி முடித்தவுடன், உள்நுழையாத உலாவியில் பக்கெட்டின் மூல முகவரியைத் திறந்து பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வர வேண்டும்.

மின்னஞ்சல்: முதல் வாரப் புகார்களில் பாதி

"பதிவு செய்தேன், உறுதிப்படுத்தும் மடல் வரவில்லை." இந்தப் புகார் வராத தளம் இல்லை. சர்வரிலிருந்தே நேரடியாக மடல் அனுப்ப முயல வேண்டாம். மடல் போகும் வழக்கமான வாசலான 25-ஆம் போர்ட்டை கூகுள் கிளவுட் வெளியே விடுவதில்லை. அமேசான் இயல்பாகவே கட்டுப்படுத்தி வைக்கிறது. டிஜிட்டல் ஓஷன் 25, 465, 587 மூன்றையும் மூடி வைக்கிறது. மடல் அனுப்பும் சேவை ஒன்றில் கணக்கு எடுத்து, அது தரும் 2525 போன்ற மாற்றுப் போர்ட்டில் இணைப்பதே வழி.

அமேசானின் மடல் சேவையான எஸ்இஎஸ் எடுத்தால், புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில்தான் தொடங்கும்: 24 மணி நேரத்துக்கு 200 மடல், அதுவும் முன்பே சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். நிறுவியவரின் சொந்த முகவரிக்குச் சோதனை மடல் அழகாக வந்து சேரும், அவர் நிம்மதியாகிவிடுவார்; திறப்பு விழா அன்று மற்ற யாருக்கும் வராது. சாண்ட்பாக்ஸிலிருந்து வெளியே எடுக்கும் விண்ணப்பத்தை இரண்டு வாரம் முன்பே போடுங்கள்.

மடல் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் டிஎன்எஸ்ஸில் வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் முதல் இரண்டில் ஒன்றாவது இல்லாத மடல்களை ஏற்பதில் கண்டிப்பாக இருக்கிறது. சங்கத்தின் டொமைனில் ஏற்கெனவே எஸ்பிஎஃப் வரி இருந்தால் இரண்டாவதாக இன்னொரு வரி சேர்க்காதீர்கள். இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதிய சேவையைச் சேர்க்க வேண்டும். மஸ்டோடான் மடல்களுக்குத் தனித் துணை டொமைன் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.

சைட்கிக் வரிசைகள்

தளம் திறக்கிறது, பதிவிடவும் முடிகிறது, ஆனால் "நான் போட்டது நண்பருக்கு மூன்று மணி நேரம் கழித்துத்தான் போகிறது" என்று உறுப்பினர் சொன்னால், சைட்கிக்கைப் பாருங்கள். ஒருவருக்கு 300 வெவ்வேறு சர்வர்களில் பின்தொடர்பவர்கள் இருந்தால், அவர் இடும் ஒரு பதிவு 300 தனி வேலைகளாகப் 'புஷ்' வரிசையில் நிற்கும். வெளியிலிருந்து வருபவை 'இன்கிரெஸ்' வரிசையில். உள்ளூர்ப் பயனருக்கு நேரடியாகப் படுபவை 'டிஃபால்ட்' வரிசையில். மடல்களுக்கு 'மெயிலர்ஸ்', பழைய தரவை இழுத்துவர 'புல்', கால அட்டவணை வேலைகளுக்கு 'ஷெட்யூலர்'.

எந்த வரிசை தேங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் கவலைப்பட வேண்டும். டிஃபால்ட் வரிசையின் தாமதம் சில வினாடிகளைத் தாண்டினால் உடனே கவனியுங்கள். புல் வரிசை ஒரு மணி நேரம் பின்தங்கினாலும் யாருக்கும் தெரியாது. 'ரீட்ரை' எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்; பெரும்பாலும் மூடிப்போன சர்வர்களுக்கு அனுப்ப முயன்று தோற்றவை. ஏழு நாள் தொடர்ந்து தோற்றால் மஸ்டோடானே அந்த முகவரிக்கு அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும்.

தேக்கம் நிரந்தரமானால் சைட்கிக்கை இரண்டு மூன்று செயல்முறைகளாகப் பிரிக்கலாம்: டிஃபால்ட், புஷ், மெயிலர்ஸ் ஒன்றில், இன்கிரெஸ் தனியாக, புல் தனியாக. ஷெட்யூலர் மட்டும் எங்காவது ஒரே ஒரு செயல்முறையில்தான் ஓட வேண்டும்.

இங்கேதான் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு சைட்கிக் த்ரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும்) ஒரு தரவுத்தள இணைப்பு வேண்டும். பூமா 2 செயல்முறை, ஒவ்வொன்றிலும் 5 த்ரெட்: 10 இணைப்பு. ஸ்ட்ரீமிங்குக்கு 10. சைட்கிக் 25. ஆக 45. இதோடு 25 த்ரெட்டில் இன்னும் இரண்டு சைட்கிக் சேர்த்தால் 95. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100; அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டது. மிஞ்சுவது இரண்டு. பகலெல்லாம் ஓடும், இரவு பேக்கப் எடுக்கும் நேரத்தில், நிர்வாகியும் உள்ளே நுழைந்து பார்க்கும்போது, இணைப்பு தீர்ந்துவிட்டது என்ற பிழை வரும். வரம்பை 500 என்று ஏற்றுவது நினைவகத்தைத் தின்னும். இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை டிரான்சாக்ஷன் முறையில் நடுவில் வையுங்கள். மஸ்டோடான் அமைப்பில் 'பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்ட்ஸ்' என்பதை அணையுங்கள். தரவுத்தள மாற்றங்களை மட்டும் பிஜிபவுன்சரைத் தாண்டி நேரடியாக ஓட்டுங்கள்.

ரெடிஸில் நினைவகம் நிரம்பினால் பழையதைத் தூக்கிப்போடும் அமைப்பு இருக்கக் கூடாது. தற்காலிகச் சேமிப்புக்கு அது சரி. சைட்கிக் வரிசைக்கு அது வேலைகளைச் சத்தமில்லாமல் தொலைப்பது.

முழுஉரைத் தேடல் கேட்பார்கள். அதற்கான எலாஸ்டிக்சர்ச் நினைவகப் பசி கொண்டது. 4 ஜிபி இயந்திரத்தில் சேர்க்காமல், தேவை உறுதியான பிறகு தனி இயந்திரத்தில் போடுங்கள். அதனுடன் வரும் மொழிப் பகுப்பான்களில் இந்தி, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை. 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது. வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

பேக்கப்

முக்கியத்துவ வரிசை இது: போஸ்ட்கிரெஸ் தரவு, ரகசிய அமைப்புக் கோப்பு, உறுப்பினர்கள் ஏற்றிய ஊடகம், கடைசியாக ரெடிஸ். ரெடிஸ் போனால் முகப்பு ஓடைகளைக் கட்டளை கொடுத்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் வரிசையில் நின்ற வேலைகள் மட்டும் போகும். ரகசியக் கோப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 4.3 பதிப்பிலிருந்து அதில் தரவுத்தள மறையாக்கச் சாவிகளும் இருக்கின்றன. தரவு முழுதாக மீண்டும் கோப்பு இல்லையென்றால், இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்தவர்களால் உள்ளே வர முடியாது, அலைபேசி அறிவிப்புகள் நின்றுபோகும். அந்தக் கோப்பைக் கடவுச்சொல் பெட்டகம் ஒன்றில், சங்கத்தில் இருவர் திறக்கும்படி வையுங்கள்.

தரவுத்தளத்தை தினமும் 'பிஜி-டம்ப்' வழியாக எடுத்து, வேறு நிறுவனத்தின் சேமிப்புக்கு அனுப்புங்கள். கிளவுட்காரர் தரும் ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் முழு நகல்) அதே கணக்கில் இருக்கிறது. கணக்கு முடங்கினால் அதுவும் முடங்கும். தரவுக் கோப்புறையை அப்படியே பழைய இயந்திரத்திலிருந்து புதிய லினக்ஸ் பதிப்புக்கு நகலெடுப்பது இன்னொரு ஆபத்து. உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்குப் போனபோது எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதி கீழ்நிலை நூலகத்தில் மாறியிருந்தது. தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் (தேடல் அட்டவணை) பழைய வரிசையிலும் தேடல் புதிய வரிசையிலும் நடந்ததால், ஒரே பயனர் இரண்டு முறை பதிவாகும் அளவுக்குக் குழப்பம் வந்தது. டம்ப் எடுத்து மறுபடி ஏற்றினால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும், பிரச்சினை இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தற்காலிக இயந்திரத்தில் பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். அப்போது சைட்கிக்கை மட்டும் எழுப்பிவிடாதீர்கள். அது உண்மைச் சர்வர் என்றே தன்னை நினைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்கு மடலும், வெளி சர்வர்களுக்குப் பதிவுகளும் அனுப்பத் தொடங்கிவிடும்.

பதிப்பு ஏற்றுவது

வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, பேக்கப் எடுத்து, அதில் சொன்ன வரிசையில் செய்தால் போதும். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: 2023 ஜூலையில், மொசில்லா கேட்டுக்கொண்டு பாதுகாப்பு நிறுவனமான க்யூர்53 நடத்திய தணிக்கையில், இதற்கென்றே தயாரித்த ஊடகக் கோப்பு ஒன்றின் மூலம் சர்வரில் எங்கு வேண்டுமானாலும் எழுத முடியும் என்ற ஓட்டை வெளியானது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'பாதுகாப்புத் திருத்தம் 48 மணி நேரத்துக்குள்' என்ற வரி இருக்கட்டும்.

யார் காவல் காப்பது

புதிய உறுப்பினர் பதிவைத் திறந்து விடாமல் ஒப்புதல் முறையில் வையுங்கள். 2024 பிப்ரவரியில் ஸ்பாம் அலை அடித்தபோது, பதிவு திறந்திருந்த, ஆளில்லாத சிறு சர்வர்கள் வழியாகத்தான் அது பரவியது. அதன்பின், நெறியாளர் யாரும் ஒரு வாரம் எட்டிப் பார்க்கவில்லை என்றால் திறந்த பதிவு தானாக ஒப்புதல் முறைக்கு மாறும்படி மென்பொருளையே திருத்தினார்கள். குறைந்தது மூன்று நெறியாளர்கள் வேண்டும், அவர்களில் ஒருவராவது ஆலோசகர் அல்லாதவராக, சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். எந்தப் பதிவு எல்லை மீறியது என்று முடிவு செய்வது தொழில்நுட்ப வேலையே அல்ல. அதை உங்கள் பராமரிப்புக் கட்டணத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இந்தியாவில் நடத்தும் தளத்துக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் வெளியிடச் சொல்கின்றன. நடவடிக்கைக்கான கால வரம்புகள் திருத்தப்படுவதுண்டு. நடப்பு வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விடுத்த உத்தரவின்படி சைபர் நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (சர்வரின் செயல்பாட்டுக் குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் லாக்கை 14 நாளில் சுழற்றி அழிப்பதுதான் உபுண்டுவின் வழக்கமான அமைப்பு. அதை மாற்ற மறக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் குழந்தையாகவே கொள்கிறது. பள்ளி சம்பந்தப்பட்ட தளம் என்றால் பெற்றோர் ஒப்புதல் கேள்வி எழும்.

ஒப்படைப்பு

டொமைன், கிளவுட், மடல் சேவை, ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் நான்கும் சங்கத்தின் பெயரில் தொடங்கப்பட்டிருக்க வேண்டும். ஆலோசகருக்குத் தனிப் பயனர் அனுமதி மட்டும். நிறுவும் கட்டணமும் மாதப் பராமரிப்பும் தனித்தனி பில்லாக இருக்கட்டும். கிளவுட் வாடகையை உங்கள் வழியாக வாங்கி, மேலே சதவீதம் வைத்து விற்பது தொடக்கத்தில் வசதி, பிரியும்போது சண்டை.

அளவுகோலுக்கு மஸ்டோடான் திட்டத்தின் சர்வர் உடன்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம்: தினசரி பேக்கப், அவசரத்துக்கு இன்னொருவருக்கும் சர்வர் அனுமதி, வெறுப்புப் பேச்சுக்கு எதிரான தீவிர நெறியாளுகை, மூடுவதானால் 3 மாத முன்னறிவிப்பு. அந்தக் கடைசி வரியை ஒப்பந்தத்தில் பணத்தோடு இணைத்து எழுதுங்கள்: சங்கத்தின் கணக்கில் எப்போதும் மூன்று மாத வாடகை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும், அது குறைந்த அன்றே முன்னறிவிப்பு போட வேண்டும். மூடும்போது இயந்திரத்தை அணைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. உறுப்பினர்கள் கணக்கை மாற்றிக்கொண்ட பிறகு, மஸ்டோடானோடு வரும் 'செல்ஃப் டிஸ்ட்ரக்ட்' கட்டளையை ஓட்டி, அழிப்பு வேண்டுகோள்கள் எல்லா சர்வர்களுக்கும் போய்ச் சேரும் வரை சைட்கிக்கை ஓடவிட்டு, வரிசை காலியான பிறகே இயந்திரத்தை விட வேண்டும். டொமைனை அதன்பிறகும் ஒரு வருடமாவது கையில் வைத்திருங்கள்; விட்டவுடன் வேறு யாராவது வாங்கினால், உங்கள் உறுப்பினர்களின் பழைய முகவரிகளில் அவர்கள் பேசத் தொடங்கலாம்.